வைரத்துக்குள் ஆணி

கவ்விக்கிச்சு. சனியன், மறுபடியும் கவ்விக்கிச்சு. ஒரு முழம்கூட உள்ள போகல, அதுக்குள்ள மெஷின் உறுமலை விட்டுட்டு முனக ஆரம்பிச்சிருச்சு. ஆப்பு வைங்க, பின்னாடியே ஆப்பு வச்சுக்கிட்டே வாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியும் இந்த மனுசன் காதுல பஞ்சை அடைச்சுக்கிட்டு மரத்துல ஊர்ற கட்டெறும்பைத் தட்டிவிட்டுக்கிட்டு நிக்கிறாரு. என் புருசன்தான், சோலைராசு. நல்ல மனுசன்னு ஊரே சொல்லும், நானும் சொல்லுவேன். ஆனா அறுத்த வாய்க்குள்ள ஆப்பு இல்லைன்னா மேல் பலகை கீழ இறங்கி செயினைக் கடிச்சுப் பிடிச்சிரும்ங்கிறது நல்ல மனுசனுக்கெல்லாம் புரியாது போல. மெஷினை அமத்துறேன். அமத்துனதும் காதுக்குள்ள ங்கொய்ங்குது. புளியமரத்தூள் மூக்குல, புருவத்துல, ஜாக்கெட்டுக்குள்ள, எங்க பாத்தாலும் தூள். "ஏங்க, ஆப்பு"ங்கிறேன், மெதுவா, பால்காரர்கிட்டக் கேக்கிற மாதிரி. கத்தக் கூடாது. வாய்க்குள்ள வந்து நிக்கிது, கூறு கெட்ட மனுசான்னு, அப்படியே முழுங்குறேன். ஏன்னா கொட்டகை ஓரத்துல பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு எங்கண்ணன் தவசி உக்காந்திருக்கு. மடியில எலுமிச்சம்பழம், விபூதிப் பொட்டலம். நான் எப்பக் கத்துவேன்னு பாக்கத்தான் அது விடிஞ்சதும் விடியாததுமா பஸ் ஏறி வந்து உக்காந்திருக்கு. லீவு நாள்ல நாலு பொம்பளைங்க சினிமாவுக்குப் போறாக, கோயிலுக்குப் போறாக. நான் கட்டையைப் பிளக்குறேன். ஐடிஐல பயலுகளுக்கு வெல்டிங் சொல்லிக் குடுக்கிறவ, எனக்கு வேணும்ங்கிற இரும்புச் சட்டத்தை நானே அடிச்சுக்கிட்டேன். செயின் ரம்பத்தைப் படுக்க வச்சு அந்தச் சட்டத்துல முடுக்கி, மரத்து மேல அலுமினிய ஏணியைக் கட்டி, ஏணி மேல சட்டத்தை ஓட்டிக்கிட்டே போனா தோசைக் கல்லுல இருந்து எடுத்த மாதிரி ஒரே கனத்துல பலகை கழண்டு வரும். வேம்பு அறுத்திருக்கேன், வாகை அறுத்திருக்கேன், வாகை எல்லாம் வெண்ணெய். இந்தப் புளி இருக்கே, இது மரமில்ல, வீம்பு.

மரத்தைச் சொல்லி என்ன, நான் என்ன சும்மா ஆசைக்கா இதை வாங்கிட்டு வந்தேன். நான் பொறந்த ஊருக்குப் போற ரோட்டை அகலப்படுத்துறோம்னு புளியமரத்தையெல்லாம் வரிசையா வெட்டித் தள்ளுனாங்க. அடிக்கட்டையைக் கறிக்கடைக்காரரு கேட்டாரு, புளிதானே வெட்டுக்கட்டைக்கு ஆகும். நான் போய் நின்னு, இந்த ஒண்ணு மட்டும் எனக்குன்னு சொன்னேன். அவரு என்னை ஏற இறங்கப் பாத்தாரு. அவருக்கும் தெரிஞ்சிருக்கும், அந்தப் பக்கத்துல யாருக்குத் தெரியாது. இந்தக் கட்டைக்குள்ள என் ஆணி இருக்கு. எனக்கு இருபது வயசுல அடிச்சது. வேற ஒண்ணும் செய்யல நான், ஓசூர்ல கம்பெனியில வேலைக்குக் கூப்பிட்டாங்க, போறேன்னு சொன்னேன். பெத்த அய்யா கூடாதுன்னாரு. அண்ணன் கூடாதுன்னுச்சு. நான் கத்துனேன். தட்டை எறிஞ்சேன், கதவைச் சாத்துனேன், சாப்பிடாமக் கிடந்தேன். ஒரு பயல் அப்படிச் செஞ்சிருந்தா கோவக்காரன்னு சொல்லிருப்பாங்க. எனக்குப் பேயோட்டக் கோடாங்கியைக் கூட்டியாந்தாங்க. உடுக்கை அடிச்சு, சாம்பிராணி போட்டு, இவ பேசல, இவளுக்குள்ள இருக்கிற ஒருத்தி பேசுறான்னு சொல்லிட்டாரு. நான்தான்டா பேசுறேன், நான்தான்டா பேசுறேன்னு தொண்டை கிழிய அலறுனதையும் அவ கணக்குலதான் எழுதுனாரு. புளியமரத்துல என்னைச் சாத்தி நிறுத்தி, உச்சி முடியில ஒரு கொத்தை எடுத்து மரத்தோட சேத்து ஆணி அறைஞ்சு, முடியை வெட்டி விட்டாங்க. முடி மரத்தோட, பேயும் மரத்தோட, நான் வீட்டுக்கு. அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் எனக்குன்னு ஒரு கோவம் கிடையாது. கல்யாணத்துல கறிக்குழம்பு சரியில்லைன்னு சொன்னாக்கூட நாலு பேரு ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவாங்க. ரேசன் கடையில குரல் ஒசந்தா பின்னாடி ஒருத்தி, பாத்து, ஆணி அடிச்ச பிள்ளைன்னு கிசுகிசுப்பா. எனக்குக் கட்டிக் குடுத்த மக இருக்கும்போதும் நான் பிள்ளைதான், ஆணி அடிச்ச பிள்ளை. எவ்வளவு கடுப்பா இருக்கும் சொல்லுங்க, நெஞ்செல்லாம் எரியும், எரியுதுன்னு சொன்னா அதையும் அவதான் சொல்றாம்பாங்க.

சோலைராசு ஒரு வழியா ஆப்பை எடுத்துட்டு வந்து வைக்கிறாரு. கோணல். சரி, கோணலா இருந்தாலும் ஆப்பு ஆப்புதான். செயினை வெளிய எடுத்துத் தொட்டுப் பாக்குறேன், பல்லெல்லாம் மழுங்கிக் கிடக்கு. உருண்டை அரத்தை எடுத்து ஒவ்வொரு பல்லா ராவ உக்காருறேன். இதுல அவசரப்பட முடியாது, ஒரு பல்லு கூடக் கொறைய ஆச்சுன்னா வாள் ஒரு பக்கமா ஓடி பலகை வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிரும். ராவுறேன், யோசிக்கிறேன், யோசிக்கக் கூடாதுன்னு யோசிக்கிறேன். உள்ள எம்மக மோனிஷா படுத்திருக்கா. வளைகாப்பு முடிஞ்சு கூட்டியாந்திருக்கோம், தலைப்பிரசவம். வளைகாப்பு அன்னைக்கே அவ மாமியா என்னை அடுப்படிப் பக்கம் ஒதுக்கிக் கேட்டாங்க, சம்பந்தி, உங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு அந்த மாதிரி ஏதோ உண்டாமே, பிள்ளை ராத்திரி பட்டுனு எரிஞ்சு விழுகுது, அதான் கேக்குறேன். எனக்கு உள்ளங்கால்ல இருந்து ஏறுச்சு. புருசன்காரன் ஈரத்துண்டைக் கட்டில்ல போட்டா எந்தப் பொம்பளைதான் எரிஞ்சு விழமாட்டா? சிரிச்சு வச்சேன். அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க, அவ அப்பா மாதிரின்னு சொன்னேன். பொய். அவ அப்பாவுக்குக் கோவம் வந்து நான் பாத்ததில்ல. அவ என்னை மாதிரி. என்னை மாதிரின்னு வாய்விட்டுச் சொல்ல முடியாமப் போச்சே, அதுதான் அறுக்குது. என் கழுத்துல மாட்டுனதைக் கழட்டி இப்ப அவ கழுத்துல மாட்டப் பாக்குறாங்க. அதுக்குத்தான் இந்தக் கட்டை. ஆணியை வெளிய எடுத்து அவ உள்ளங்கையில வச்சு, இம்புட்டுத்தான்டி, கடையில கிலோக் கணக்குல விக்கிற ஆணி, இதுக்கு ஒருத்தி பயப்படுவாளான்னு காட்டணும். அண்ணன் நேத்து போன்ல, ஆணியைப் பிடுங்குனா அது கிளம்பி முதல்ல வயித்துப் பிள்ளைக்காரியைத் தேடும் பவுனு, மேலாக்க ரெண்டு பலகை எடுத்துக்க, நடுக்கட்டையைத் தொடாதன்னுச்சு. போனை வச்சப்புறம் ராத்திரி பூரா புரண்டேன். எனக்கு அதுல நம்பிக்கை கிடையாது. கிடையவே கிடையாது. ஆனா இந்த வாரத்துல பிள்ளைக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட யாரைக் கை காட்டுவாங்கன்னு தெரியும். ஏதாவது ஒண்ணு ஆயிட்டா, சே, என்ன நினைப்பு இது, வாயைக் கழுவு, மனசைக் கழுவு, பல்லை ராவு.

மெஷினைக் கிளப்புறேன். முதல் இழுப்புல வரல. ரெண்டாவதுல வரல. ஐடிஐல அம்பது பயலுக முன்னாடி வராத வெக்கம் எங்கண்ணன் முன்னாடி வருது. அப்புறம் உறுமுது, இப்பத்தான் பிடிக்குது, தூள் பழுப்பா பீச்சியடிக்குது, முழங்காலால சட்டத்தைத் தள்ளிக்கிட்டே நகர்றேன். நல்லாத்தான் போகுது. நல்லாப் போகும்போது எனக்குப் பயம் வரும், எப்பவும் அப்படித்தான். தூளோட நிறம் மாறுதான்னு பாத்துக்கிட்டே தள்ளுறேன். பழைய ஸ்பீக்கர்ல இருந்து காந்தத்தை எடுத்து மரம் பூரா நேத்தே தேச்சுப் பாத்துட்டேன், ஒண்ணும் ஒட்டல, பட்டை மேல அம்புட்டு வளந்து மூடிருச்சு. ஆனா இரும்பு இருக்கிற இடத்துல புளி கறுத்துப் போகும், மை கொட்டுன மாதிரி. இந்தா, கறுக்குது. கறுக்குது. கையை லேசாக்கித் தள்ளுறேன், டிர்ர்னு ஒரு சத்தம், பொறி தட்டுது, பல்லு கூசுது, வாள் திமிறுது, நான் விடல, அழுத்துறேன், இருபது வயசுல அறைஞ்சதை இந்த வயசுல அறுக்குறேன், அறுந்துருச்சு. கடைசி வரைக்கும் ஓட்டி முடிச்சு, "தூக்குங்க"ன்னு சோலைராசைக் கூப்பிட்டு ரெண்டு பேரும் பலகையைப் புரட்டுறோம். கறுப்புக் கறைக்கு நடுவுல வெள்ளியா ஒரு பொட்டு, துவரம் பருப்பு அளவு. இதான். இதுக்குத்தானா. எனக்கு எதாவது தோணும்னு நினைச்சேன், அழுகை வரும், இல்ல சிரிப்பு வரும். ஒரு எழவும் தோணல. முடி இருக்குதான்னு நகத்தால சுரண்டுறேன், ஒண்ணுமில்ல, வெறும் கறை. சின்ன ஆணி. அது ஞாபகம் இருக்கு, கோடாங்கி பெரிய ஆணியைத்தான் கையில எடுத்தாரு, எங்க ஆத்தாதான் சொல்லுச்சு, "இவளுக்குச் சின்ன ஆணி போதும்யா." என் தலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னதே அதுதான். தடுக்கல, அழுகல, வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லல, ஆணியோட அளவைப் பத்தி மட்டும் பேசுச்சு. வாயைத் திறக்காத பொம்பள எங்க ஆத்தா. அய்யா சோத்துல குத்தம் சொன்னாலும் கேட்டுக்கும், ஊரே ஏசுனாலும் கேட்டுக்கும், செத்ததும் சத்தமில்லாமத்தான் செத்துச்சு. நான் அதை மன்னிக்கல. போய்ச் சேந்து இத்தனை வருசம் ஆச்சு, திதிக்குப் படைக்கிறேன், மன்னிக்கல.

அடுப்படிக் கதவு திறந்து மோனிஷா வயித்தைத் தள்ளிக்கிட்டு வர்றா, கையில மோர்ச் செம்பு. "அம்மா, உன் மெஷின் போடுற சத்தத்துக்கு உள்ள இருக்கிறது குதிக்குதும்மா, இப்பவே உன் பக்கம்தான் போல." அண்ணன் நாற்காலியில இருந்து துள்ளி எந்திரிக்குது. "நீ உள்ள போ தாயி, இங்கிட்டு வராத, போ போ." அவ சிரிக்கிறா. "மாமா, கட்டையைப் பாத்தா என்ன கடிச்சா வைக்கப் போகுது?" ஆனா போறா. போகும்போது பலகையைத் திரும்பிப் பாத்துட்டுத்தான் போறா, கையால வயித்தை மூடிக்கிட்டு. அந்தக் கை. இவளும் நம்புறாளா? கேலி பேசுற வாய் ஒரு பக்கம், மூடுற கை ஒரு பக்கம். "அதான் எடுத்தாச்சுல்ல, இதோட நிறுத்திக்க"ங்குது அண்ணன். "நிறுத்திக்கிருவோமே பவுனு"ங்கிறாரு சோலைராசு, எங்கண்ணன் எது சொன்னாலும் பின்பாட்டு. "எடுக்கலண்ணே. பாதியை அறுத்திருக்கேன், கூர் கீழ இருக்கு." "இருந்துட்டுப் போகுது." "இருந்துட்டுப் போக எனக்கென்ன தலையெழுத்தா?" குரல் ஒசந்துருச்சு. ஒசந்துருச்சு, பாத்துட்டாங்க. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிறாங்க, அந்தப் பார்வை, அந்த எழவெடுத்த பார்வை, சாகுற வரைக்கும் இதைப் பாத்துக்கிட்டேதான் சாகணுமா. மோரைக் குடிக்கிறேன். உப்பு கூட. பிள்ளைக்காரி உப்புக் கூடப் போட்டிருக்கான்னு நினைச்சுக்கிட்டே மெஷினைக் கிளப்பிட்டேன். மச்சான், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மச்சான்னு அண்ணனைப் பாத்துச் சோலைராசு கத்துறது உதட்டசைவுலதான் தெரியுது, சத்தம் எனக்கு எட்டாது, இதுக்குள்ள இருக்கிற வரைக்கும் யாரு சத்தமும் எனக்கு எட்டாது, அதுக்குத்தானே இந்த மெஷினையே வாங்குனேன். அடுத்த பலகை, நடுக்கட்டை. பழுப்பு போய் கருஞ்சிவப்பு வருது. வைரம், மரத்தோட கல்லு மாதிரி உள்கட்டை. செயின் கதறுது. எண்ணெய் தீயிற வாடை. ஆணிக் கூரு கறையோட போயிருச்சு, தாண்டி வந்துட்டேன், தாண்டுனப்புறம் தூள் மறுபடியும் கறுக்குது. இதென்ன? இங்க எதுக்குக் கறுக்கணும்? நான் அமத்துறதுக்குள்ள மெஷின் எகிறி, செயின் அறுந்து சட்டத்துல சாட்டை மாதிரி அடிச்சு விழுது. எம்மேல படல. அண்ணன் ஓடி வருது. எலுமிச்சம்பழம் உருண்டு தூளுக்குள்ள போயிருச்சு.

மிச்சம் ஒரு சாண்தான். அறுந்த செயினை உதைச்சுத் தள்ளிட்டுக் கடப்பாரையைக் கொண்டாந்து வாய்க்குள்ள விட்டு நெம்புறேன், என் பாரத்தையெல்லாம் போட்டு நெம்புறேன், சோலைராசு வந்து கூடப் பிடிக்கிறாரு, படக்குனு பிளந்துருச்சு. கறுப்புக்கு நடுவுல படுத்துக் கிடக்கு இன்னொரு ஆணி. கடையில வாங்குனதில்ல. விரல் மொத்தம், சதுரம், கொல்லன் பட்டறையில தட்டுனது, சுத்தியல் அடிச்ச தடம் தெரியுது. மரம் சின்னதா இருந்தப்ப அறைஞ்சிருக்கணும், வைரத்துக்குள்ள மாட்டிக் கிடக்கு. "இது யாருக்கு அடிச்சதுண்ணே?" எங்கண்ணன் பாக்குது, ஆணியைப் பாக்குது, வீட்டைப் பாக்குது. "நடுக்கட்டையைத் தொடாதன்னு சொன்னேனா இல்லையா?" "யாருக்குண்ணே?" "ஆத்தாவுக்கு." நான் சிரிச்சிட்டேன். எந்த ஆத்தா, எங்க ஆத்தாவா, வாயைத் திறக்காத அந்தப் பொம்பளைக்கா. "என்னத்துக்குப் பேய்? சோத்துல உப்புப் போட்டதுக்கா?" கத்துறேன், நல்லாவே கத்துறேன், யாரு வேணா பாத்துக்கட்டும். அண்ணன் தூளுக்குள்ளயே குத்த வச்சு உக்காந்துருச்சு. குரலை இறக்கிப் பேசுது, வீட்டுக்குள்ள கேக்கக் கூடாதுன்னு. "உனக்கு முன்னாடி ஒண்ணு பொறந்துச்சு பவுனு. பொட்டப்பிள்ளை. தலை நிறைய முடி, எனக்கு நினைப்பிருக்கு. ரெண்டு நாள் இருந்துச்சு, மறுநாள் இல்ல. எப்படி இல்லாமப் போச்சுன்னு யாரும் கேக்கல. ஆத்தா மட்டும் கேட்டுச்சு. அடுப்புப் பத்த வைக்கல, வீட்டுக்குள்ள வரல, ரோட்டுல நின்னு போறவன் வாரவனையெல்லாம் நிறுத்தி, எம்பிள்ளையை என்ன செஞ்சாங்கன்னு உள்ள போய்க் கேளுன்னு அலறுச்சு. அய்யா கோடாங்கியைக் கூட்டியாந்தாரு. பட்டறையில சொல்லி அடிச்ச ஆணி இது. அறைஞ்சப்புறம் அடங்கிருச்சு, அதுக்கப்புறம் அது பேசி யாரும் பெரிசாக் கேக்கல." சோலைராசு என் தோள்ல கை வச்சிருக்காரு, எப்ப வச்சாருன்னு தெரியல. "பெறகு நீ பொறந்த. இதுவும் பொட்டப்பிள்ளைன்னதும் வீட்டுல ஒருத்தரும் ஒருத்தர் மூஞ்சியைப் பாக்கல. அய்யாவோட அக்கா பெரியத்தைதான் உள்ள போச்சு, உன்னைத் துணியோட சுருட்டித் தூக்குச்சு. நான் கதவு ஓரத்துல நின்னேன், எட்டு வயசு எனக்கு. ஆத்தா தடுக்கல. எந்திரிக்கக்கூட இல்ல. படுத்த வாக்குல மெதுவா ஒண்ணே ஒண்ணு சொல்லுச்சு, 'மதினி, ஆணி ஆடுது'ன்னு. பேய் கிளம்பிருச்சுன்னு பெரியத்தை உன்னை அப்படியே கீழ வச்சுட்டு வெளிய ஓடிருச்சு. அதுக்கப்புறம் உன்னைத் தொட எவருக்கும் தைரியம் வரல."

அண்ணன் மூக்கை உறிஞ்சுது. நான் குனிஞ்சு, ஆடுதுன்னு ஆத்தா சொன்ன அந்த ஆணியை ரெண்டு விரலால பிடிச்சு ஆட்டிப் பாத்தேன். மரத்தோட மரமா இறுகிக் கிடக்கு. முழுக்கையாலயும் பிடிச்சு, காலை உதைச்சுக்கிட்டு ஆட்டிப் பாத்தேன். இம்மி அசையல.